புத்தகமும் டாக்பேக்கும் சேர்ந்து பேசினால் என்ன செய்வது? வாசகர் கேள்வி பதில்

போனில் ஒலிப்புத்தகம் கேட்பது பற்றி, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற இரண்டு திரைவாசிப்பான்களையும் கணக்கில் எடுத்திருக்கிறோம். போன் கம்பெனியைப் பொறுத்து செட்டிங்ஸில் சில பெயர்கள் மாறும். அப்போது பட்டியல் பட்டியலாகத் தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் பெயரைச் சொல்லித் தேடினால் வந்துவிடும்.

கேள்வி: புத்தகம் ஓடும்போது டாக்பேக்கும் கூடவே பேசுகிறது. சில நேரம் “2 நிமிடம் 13 வினாடி, 2 நிமிடம் 14 வினாடி” என்று எண்ணிக்கொண்டே போகிறது. டாக்பேக்கை அணைத்தால் போனை இயக்க முடியாது. இதற்கு வழி உண்டா?

உண்டு. முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இரண்டு குரல்கள் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஒன்று புத்தகத்தைப் படிப்பவரின் குரல். அது பிளேயர் ஆப்பிலிருந்து வருகிறது. மற்றொன்று திரையில் இருப்பதைச் சொல்லும் குரல். அது டாக்பேக்கிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் வால்யூம் தனி, வேகம் தனி, நிறுத்தும் முறையும் தனி. ஒலிப்புத்தகம் பற்றி எங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை, ஒரு குரலுக்கான கட்டளையை இன்னொரு குரலுக்குக் கொடுப்பதால் வருபவைதான்.

வினாடி எண்ணுவதற்குக் காரணம் எளிது. டாக்பேக்கின் கவனம், அதாவது ஃபோகஸ், புத்தகம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் பட்டையின் மேல் நிற்கிறது. அந்த எண் மாறும்போதெல்லாம் டாக்பேக் அதைப் படிக்கிறது. புத்தகத்தை ஓடவிட்டதும் ஒரு விரலால் வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளி, புத்தகத்தின் தலைப்புக்கோ ‘பாஸ்’ பட்டனுக்கோ ஃபோகஸைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். எண்ணுவது நின்றுவிடும். திரையையே அணைத்துவிடுவது இன்னும் நல்லது. பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் திரை அணையும், டாக்பேக் அமைதியாகும், புத்தகம் தொடர்ந்து ஓடும்.

டாக்பேக் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டு விரல்களால் திரையை ஒருமுறை தட்டுங்கள். அதன் பேச்சு மட்டும் நிற்கும். இரண்டு விரல்களால் இருமுறை தட்டினால் புத்தகமே நிற்கும். மறுபடி அப்படியே தட்டினால் ஓடும். இது ஓரளவு புதிய ஆண்ட்ராய்டு போன்களில் வேலை செய்யும். ஐபோனில் இதே இருவிரல் இரட்டைத் தட்டு நெடுங்காலமாகவே இருக்கிறது. ‘மேஜிக் டேப்’ என்பார்கள். பிளேயரைத் திறந்து பட்டனைத் தேட வேண்டியதே இல்லை. இதை மட்டும் கையில் நன்றாகப் பழக்கிவிடுங்கள். மற்ற சைகைகளைவிட இதுதான் தினமும் உதவும்.

டாக்பேக் பேசும்போது புத்தகத்தின் சத்தம் தானாகக் குறைய வேண்டுமென்றால் ‘ஆடியோ டக்கிங்’ என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். டாக்பேக் செட்டிங்ஸில் ஒலியும் அதிர்வும் என்ற பகுதியில் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், அக்ஸசிபிலிட்டி, வாய்ஸ்ஓவர், ஆடியோ என்று போனால் கிடைக்கும். போன் தமிழில் இருந்தால் அக்ஸசிபிலிட்டிக்கு ‘அணுகல்தன்மை’ என்று பெயர் வரும். சிலருக்கு இந்த வசதி பிடிப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்திக்கும் கதை அமுங்கி எழும். அப்படிப்பட்டவர்கள் கேட்கும் நேரத்தில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டுவிடலாம்.

கேள்வி: புத்தகத்தின் சத்தத்தைக் கூட்டினால் டாக்பேக் கத்துகிறது. டாக்பேக்கைக் குறைத்தால் புத்தகம் கேட்பதில்லை.

எந்தக் குரல் ஒலிக்கும்போது வால்யூம் பட்டனை அழுத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டாக்பேக் பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் அழுத்தினால் அக்ஸசிபிலிட்டி வால்யூம் மாறும். டாக்பேக் வாய்மூடி இருந்து புத்தகம் மட்டும் ஓடும்போது அழுத்தினால் மீடியா வால்யூம் மாறும். டாக்பேக்கை மாற்ற வேண்டுமானால் நீளமான பெயருள்ள எதன் மேலாவது விரலை வைத்து, அது படித்து முடிப்பதற்குள் பட்டனை அழுத்துங்கள். ஐபோனில் இரண்டு விரல்களைத் திரையில் திருகித் தேர்ந்தெடுக்கும் வாய்ஸ்ஓவரின் ரோட்டரில் ‘வால்யூம்’ என்ற வகையைச் சேர்த்துக்கொண்டால், ஒரு விரலால் மேலும் கீழும் தள்ளி வாய்ஸ்ஓவரின் சத்தத்தை மட்டும் சரிசெய்யலாம்.

கேள்வி: 12 மணி நேரப் புத்தகம். கொஞ்சம் பின்னால் போகலாம் என்று பட்டையை நகர்த்தினால் எங்கோ போய்விடுகிறது. விட்ட இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை.

பட்டையைத் தொடாதீர்கள். நீளமான புத்தகத்துக்கு அது உதவாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டாக்பேக்கில் பட்டையின் மேல் ஃபோகஸ் இருக்கும்போது வால்யூம் பட்டனை அழுத்தினால் பொதுவாக 5 விழுக்காடு நகரும். 12 மணி நேரத்தில் 5 விழுக்காடு என்பது 36 நிமிடம். வாய்ஸ்ஓவரில் ஒருமுறை மேலே தள்ளினால் பொதுவாக 10 விழுக்காடு, அதாவது 1 மணி 12 நிமிடம். ஒரு வாக்கியத்தைத் திரும்பக் கேட்க நினைத்தவர் இரண்டு அத்தியாயம் தாண்டிப் போய்விடுவார். ஐபோனில் பட்டையை இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்தியபடி இழுத்தால் நுணுக்கமாக நகர்த்தலாம். ஆனால் அதற்கும் பழக்கம் வேண்டும்.

இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. ஒலிப்புத்தக பிளேயர்களில் 10 அல்லது 30 வினாடி பின்னால் போகும் பட்டன் இருக்கும். அந்த அளவை செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். தமிழ் உரைநடைக்கு 15 வினாடி வைத்தால் ஏறக்குறைய இரண்டு வாக்கியம் பின்னால் போகும். பெரும்பாலும் அது போதும். பாடப்புத்தகம் கேட்பவர்கள் 30 வைத்துக்கொள்ளலாம்.

புத்தகத்தில் அத்தியாயப் பட்டியல் இருந்தால் முதலில் அத்தியாயத்துக்குப் போய், அங்கிருந்து வினாடி பட்டனால் நகர்வதுதான் சுருக்கமான பாதை. முக்கியமான இடம் வரும்போதெல்லாம் புக்மார்க் போடுங்கள். போனை மற்றவர் கையில் கொடுக்கும் முன்பும் ஒன்று போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ‘ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர்’ என்ற ஆப்பில், தவறுதலாகத் தாவிவிட்டால் முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பப் போக ‘பிளேபேக் ஹிஸ்டரி’ இருக்கிறது. பட்டையில் விரல் பட்டு இடம் தொலைந்தவர்களுக்கு இது பெரிய துணை.

போனோடு வரும் சாதாரண மியூசிக் ஆப்பில் புத்தகம் கேட்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். தயவுசெய்து மாறிவிடுங்கள். மியூசிக் ஆப் மூன்று நிமிடப் பாட்டுக்காகச் செய்யப்பட்டது. நடுவில் வேறொன்றைப் போட்டால் அது நீங்கள் நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளாது. ஐபோனில் ‘புக்பிளேயர்’ ஆப் எம்பி3, எம்4பி இரண்டையும் ஏற்கும். ஆண்ட்ராய்டில் ‘வாய்ஸ்’ என்ற திறமூல ஆப்பும் இருக்கிறது. அதில் பட்டன்கள் குறைவு என்பதால் புதிதாகத் தொடங்குபவர் குழம்பமாட்டார்.

கேள்வி: கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை போனுக்கு மாற்றினேன். முதல் அத்தியாயம் முடிந்ததும் பத்தாவது ஓடுகிறது. இன்னொரு ஆப் என் ஃபோல்டரையே ஏற்க மறுக்கிறது. ஒரு புத்தகத்துக்கு போனில் எவ்வளவு இடம் தேவைப்படும்?

இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

வரிசை குழம்புவதற்குக் காரணம் பெயர். 1, 2, 3 என்று பெயர் வைத்தால் சில பிளேயர்கள் அவற்றை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்து 1, 10, 11, 2 என்று அடுக்கிவிடும். 01, 02, 03 என்று வையுங்கள். நூறு ஃபைலுக்கு மேல் இருந்தால் 001 என்று தொடங்குங்கள். பெயர் சரியாக இருந்தும் குழம்பினால், ஃபைலுக்குள் இருக்கும் டிராக் எண்ணைப் பார்த்து பிளேயர் அடுக்குகிறது என்று பொருள். ‘ஃபைல் பெயர்ப்படி அடுக்கு’ என்ற அமைப்பைப் பிளேயரில் தேடுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி ஃபோல்டர் கட்டாயம் வேண்டும். பாதி கேட்ட புத்தகத்தின் ஃபோல்டரை இடம் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ சில பிளேயர்கள் அதைப் புதிய புத்தகமாக நினைத்து முதலிலிருந்து தொடங்கும்.

ஃபோல்டரை ஏற்க மறுப்பது ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு விதி. ஆண்ட்ராய்டு 11 முதல், ‘டவுன்லோட்’ ஃபோல்டரையோ போன் சேமிப்பகத்தின் அடித்தளத்தையோ முழுதாக ஓர் ஆப்புக்குக் கொடுக்க முடியாது. அங்கே ‘இந்த ஃபோல்டரைப் பயன்படுத்து’ பட்டன் வேலை செய்யாது. டாக்பேக் அதை ‘டிசேபிள்ட்’ என்று சொல்லும். ‘ஆடியோபுக்ஸ்’ என்று தனி ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் புத்தகங்களை வையுங்கள். பிளேயர் கேட்கும்போது அந்த ஃபோல்டருக்குள் போய், திரையின் கீழ்ப்பகுதியில் உள்ள அந்தப் பட்டனை இருமுறை தட்டி, அடுத்து வரும் ‘அலோ’ பட்டனையும் தட்டுங்கள். இரண்டாவது பட்டனை விட்டுவிடுபவர்கள் அதிகம். புத்தகப் பட்டியல் காலியாகவே இருந்தால் அதுதான் காரணமாக இருக்கும்.

இடம் எவ்வளவு தேவை என்றும் கேட்டிருந்தீர்கள். வினாடிக்கு 64 கிலோபிட் தரத்தில் பதிந்த எம்பி3, மணிக்கு சுமார் 29 எம்பி எடுக்கும். 12 மணி நேரப் புத்தகம் சுமார் 346 எம்பி. தனிக்குரல் வாசிப்புக்கு 64 தாராளமாகப் போதும். 128 வைத்தால் இடம் இரட்டிப்பாகும், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: திரையை அணைத்துக் கேட்டால் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. சில ஆப்களில் திரையை அணைத்த உடனேயே நிற்கிறது.

உடனே நிற்பதும் சிறிது நேரம் கழித்து நிற்பதும் ஒன்றல்ல.

சிறிது நேரம் கழித்து நின்றால், பேட்டரியைச் சேமிக்க போன் பிளேயரை மூடுகிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அந்தப் பிளேயர், பேட்டரி என்று போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில கம்பெனி போன்களில் இதற்கு மேல் தனியாக ஒரு பேட்டரி மேனேஜரும் இருக்கும். அதிலும் பிளேயருக்கு விலக்கு கொடுக்க வேண்டும்.

உடனே நின்றால், பெரும்பாலும் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஒலிப்பதிவே அல்ல. மின்னூலைத் திறந்து டாக்பேக்கையோ வாய்ஸ்ஓவரையோ தொடர்ச்சியாகப் படிக்கச் சொல்லியிருப்பீர்கள். திரைவாசிப்பான் திரையில் இருப்பதைத்தான் படிக்கும்; திரை அணைந்தால் பொதுவாக நின்றுவிடும். மின்னூலைத் திரை அணைத்துக் கேட்க வேண்டுமானால், தானே உரக்கப் படிக்கும் வசதியுள்ள ஆப் வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘அட் வாய்ஸ் அலவுட் ரீடர்’, ஐபோனில் ‘வாய்ஸ் ட்ரீம்’, இரண்டிலும் ‘ஈஸிரீடர்’ அப்படிப்பட்டவை. இவற்றில் படிக்கும் குரல் திரைவாசிப்பானுடையது அல்ல, ஆப்பினுடையது. அதனால் வேகத்தையும் வால்யூமையும் அந்த ஆப்புக்குள்ளேதான் மாற்ற வேண்டும். இருவிரல் இரட்டைத் தட்டால் நிறுத்தவும் ஓட்டவும் முடியும்.

கேள்வி: இணையத்திலிருந்து இறக்கிய தமிழ் மின்னூல்களைக் கேட்க முடியவில்லை. ஒரு புத்தகம் “ஜே கே பி ஓ செமிகோலன்” என்று ஆங்கில எழுத்துகளாக வருகிறது. இன்னொன்றில் ஒன்றுமே பேசவில்லை. மூன்றாவதில் தமிழ்தான், ஆனால் உளறுகிறது.

மூன்றுக்கும் காரணம் வேறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் தமிழில் கேட்டுப் படிப்பவர்களை மிகவும் சோர்வடையச் செய்வது இந்த இடம்தான்.

“ஜே கே பி ஓ செமிகோலன்” என்பது பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த எழுத்துருக்களில், கம்ப்யூட்டருக்குள் இருந்தது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருந்தார்கள். கண்ணால் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியும். திரைவாசிப்பானுக்கு உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். போனில் எந்தச் செட்டிங்கை மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது. எழுத்தை யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். கம்ப்யூட்டரில் ‘என்எச்எம் கன்வெர்ட்டர்’ போன்ற மென்பொருள் இதைச் செய்யும். பாமினி, டாப், திஸ்கி என்ற பழைய முறைகளில் மூலம் எது என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; தவறாகத் தேர்ந்தால் வேறுவிதமான உளறல் வரும். முதல் பத்தியை மட்டும் மாற்றிக் கேட்டுப் பார்த்துவிட்டு முழுப் புத்தகத்தையும் மாற்றுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்களுக்குத் திஸ்கி வடிவமும் யூனிகோடு வடிவமும் இருக்கலாம். இறக்கும்போதே யூனிகோடைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலையே இல்லை.

ஒன்றுமே பேசவில்லை என்றால் இரண்டு வாய்ப்புகள். எழுத்து யூனிகோடில் சரியாக இருந்து, குரல் ஆங்கிலமாக இருக்கலாம். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் பேசாமல் தாண்டிவிடும். ஆண்ட்ராய்டில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச் அவுட்புட்’ என்று செட்டிங்ஸில் தேடி, கூகுள் இன்ஜினின் பக்கத்தில் உள்ள செட்டிங்ஸ் பட்டனைத் தட்டி, ‘இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா’வில் தமிழை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு மொழியையும் தமிழுக்கு மாற்றுங்கள். கூகுளின் தமிழ்க் குரல் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் படித்துவிடும் என்பதால், தமிழ் நூல்களுக்குத் தமிழ்க் குரலையே வைத்திருப்பது நல்லது. ஐபோனின் புதிய ஐஓஎஸ்களில் வாய்ஸ்ஓவரின் ஸ்பீச் பகுதியில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வாய்ப்பு, அது ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம்; உள்ளே எழுத்தே கிடையாது. இதை எழுத்தாக்க ஓசிஆர் வேண்டும். கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் ட்ரைவில் ஏற்றி, ‘ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்’ கொடுத்தால் தமிழ் எழுத்து கிடைக்கும். 2 எம்பிக்குள் இருக்கும்படி புத்தகத்தைத் துண்டுகளாக்கி ஏற்றுங்கள். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இருக்கும் நூல் தலைப்பும் பக்க எண்ணும் வாக்கியத்தின் நடுவில் புகுந்துவிடும். ‘ஃபைண்ட் அண்டு ரீப்ளேஸ்’ மூலம் அந்தத் தலைப்பை மொத்தமாக நீக்கிவிட்டுக் கேளுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாதவர்கள் புத்தகத்தைப் பாதியில் கைவிடுகிறார்கள். பக்கம் இடம் வலமாக இரண்டு பத்திகளாகப் பிரிந்து அச்சான பழைய இதழ்களில் வரிகள் கலந்துவிடும். அவற்றைப் பத்திவாரியாக வெட்டி ஓசிஆர் செய்தால்தான் சரிவரும்.

மூன்றாவது, தமிழாகவே வந்து உளறுவது. இது பெரும்பாலும் பிடிஎஃப் கோளாறு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்கு எழுத்தின் முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட வேண்டும். பிடிஎஃப் சில நேரம் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைத் தருகிறது. அதனால் ‘கொடி’ என்ற சொல்லில் கொம்பு ஒருபக்கம், ‘க’ ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று சிதறிவிடுகிறது. டாக்பேக்கை எழுத்து எழுத்தாகப் படிக்கவைத்தால் இதை உடனே கண்டுபிடிக்கலாம். அதே நூல் இபப் என்ற மின்னூல் வடிவிலோ வலைப்பக்கமாகவோ கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால், எழுத்து இருந்தாலும் அதைப் புகைப்படமாகக் கருதி ஓசிஆர் செய்வதே மேல்.

பதிப்பகத்தாரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறோம். மின்னூலை இபப் ஆக யூனிகோடில் வெளியிட்டால், பார்வையற்ற வாசகர் மற்றவர்களைப் போலவே வாங்கி, அன்றே கேட்கத் தொடங்க முடியும்.

கேள்வி: டெய்சி புத்தகம் என்கிறார்கள். எம்பி3 போதாதா?

நாவலுக்குப் போதும். பாடநூலுக்கும் சட்டநூலுக்கும் போதாது. 1996-இல் அமைந்த டெய்சி கூட்டமைப்பு உருவாக்கிய வடிவம் இது. ஒலியோடு, புத்தகத்தின் அத்தியாயம், உட்தலைப்பு, பக்க எண் எல்லாம் சேர்ந்து வரும். “பக்கம் 143-ஐத் திறங்கள்” என்று ஆசிரியர் சொன்னால் நேராக அங்கே போகலாம். ஈஸிரீடரில் திறக்கலாம்.

ஜிப் ஃபைலாக வந்தால் பிரித்த பிறகு உள்ளே எம்பி3-யோடு ‘ஸ்மில்’ என்ற வகைச் சிறு ஃபைல்கள் நிறைய இருக்கும். எந்த வாக்கியம் எந்த எம்பி3-யில் எந்த வினாடியில் இருக்கிறது என்று குறித்துவைத்திருப்பவை அவைதான். தேவையற்றவை என்று அவற்றை நீக்கிவிடாதீர்கள். எம்பி3-களின் பெயரையும் மாற்றாதீர்கள். ஒரு பெயர் மாறினாலும் அந்த அத்தியாயம் மௌனமாகிவிடும்.

கேள்வி: என் அம்மாவுக்குப் பார்வை மங்கிவருகிறது. டாக்பேக் சைகைகளைக் கற்றுக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. கதை கேட்க மட்டும் ஆசைப்படுகிறார்.

டாக்பேக் இல்லாமலே ஏற்பாடு செய்யலாம். கம்பியுள்ள ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள். அதில் கையால் தடவினால் தெரியும்படி நடுவில் ஒரு பட்டன் இருக்க வேண்டும். ஒருமுறை அழுத்தினால் ஓடும், இன்னொருமுறை அழுத்தினால் நிற்கும். பெரும்பாலான போன்களில் இருமுறை அழுத்தினால் அடுத்தது, மும்முறை அழுத்தினால் முந்தையது. பிளேயரின் செட்டிங்ஸில் போய் ‘முந்தையது’ என்பதை ‘30 வினாடி பின்னால்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மூன்று முறை அழுத்தும்போது அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே போய்விடும்.

பிளேயரில் ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் வையுங்கள். முடிந்ததும் அடுத்ததை நீங்கள் ஏற்றிக் கொடுங்கள். பத்துப் புத்தகம் ஏற்றிக்கொடுத்தால் தேர்ந்தெடுக்க முடியாமல் ஒன்றையும் கேட்கமாட்டார். ஹோம் ஸ்கிரீனில் பிளேயரின் விட்ஜெட்டைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்தால், மங்கலான பார்வைக்கும் அந்தப் பட்டன் தெரியும். குறுஞ்செய்தியையும் கேட்க விரும்பினால் ஆண்ட்ராய்டில் ‘செலக்ட் டு ஸ்பீக்’, ஐபோனில் ‘ஸ்பீக் ஸ்கிரீன்’ போதும். கேட்கும்போது மட்டும் படிக்கும்; மற்ற நேரம் பேசாது.

அவர் கை தவறி இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து அழுத்திவிட்டால், அந்தக் குறுக்குவழி இயக்கத்தில் உள்ள போனில் டாக்பேக் ஆன் ஆகிவிடும். போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதே இரண்டு பட்டன்களையும் 3 வினாடி சேர்த்து அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும்.

கேள்வி: ப்ளூடூத் இயர்போனில் டாக்பேக் சொல்லும் முதல் அசை வெட்டுப்படுகிறது. புத்தகம் மட்டும் நன்றாகக் கேட்கிறது.

தொடர்ந்து ஒலி வராதபோது இயர்போன் மின்சாரத்தைச் சேமிக்க உறங்கிவிடுகிறது. டாக்பேக் பேசத் தொடங்கியதும் விழித்துக்கொள்ள அதற்கு நேரம் பிடிக்கிறது. அதற்குள் முதல் அசை போய்விடுகிறது. புத்தகம் இடைவிடாமல் ஓடுவதால் அதில் தெரிவதில்லை. போனில் தேடவும் தட்டச்சு செய்யவும் கம்பியுள்ள இயர்போனையும், புத்தகம் கேட்க மட்டும் ப்ளூடூத்தையும் வைத்துக்கொள்வதே நிம்மதி.

ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்பவர்கள் அக்ஸசிபிலிட்டியில் ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்துகொள்ளுங்கள். நாடகமாக்கப்பட்ட புத்தகங்களில் சில பாத்திரங்களின் குரல் ஒரு பக்கமாகவே வரும். மோனோ போடாவிட்டால் பாதி உரையாடல் உங்களுக்கு வராது. வெள்ளைக்கோலோடு நடக்கும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கேட்கவே கூடாது. காதை மூடாமல் எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போன்கள் இருக்கின்றன. ஆனாலும் சாலையைக் கடக்கும்போது புத்தகத்தை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எந்த வேகத்தில் கேட்பது நல்லது? அதிக நேரம் கேட்டால் காது கெடுமா?

வேகம் உங்கள் விருப்பம். 12 மணி நேரப் புத்தகம் 1.25 வேகத்தில் 9 மணி 36 நிமிடம், 1.5 வேகத்தில் 8 மணி. கவிதையை 1-லேயே கேளுங்கள்; அதில் வாசிப்பவர் விடும் இடைவெளியும் கவிதையின் பகுதி. இயந்திரக் குரலுக்குப் பழகிய காது இரண்டு மடங்கு வேகத்தையும் எளிதாகப் பிடிக்கும். மனிதக் குரலில் அதே வேகம் பலருக்கு ஒட்டாது. டாக்பேக்கின் வேகத்தைக் கூட்டினால் புத்தகமும் வேகமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆகாது. பிளேயரில் தனியாக மாற்ற வேண்டும்.

காதைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. குழந்தைகளுக்கு 75 டெசிபல். சத்தமான இடத்தில் புத்தகம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றாமல், வெளிச்சத்தத்தைத் தடுக்கும்படி காதுக்குப் பொருத்தமான இயர்போனை வாங்குங்கள். பார்வையற்றவருக்குக் காதுதான் வழிகாட்டி. இதில் சலுகை வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. பக்கவாதத்தால் புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாது. பார்வையற்றோருக்கான நூலகங்களில் எனக்கு இடம் உண்டா?

உண்டு. 2013 ஜூன் 27-இல் ஏற்கப்பட்டு, 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கும் மராகேஷ் ஒப்பந்தம், உடல் குறைபாட்டால் புத்தகத்தைப் பிடிக்கவோ புரட்டவோ முடியாதவரையும் பயனாளியாகச் சேர்க்கிறது. வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா போன்ற குறைபாடு உள்ளவர்களும் அதில் வருவார்கள். ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில், அங்கீகாரம் பெற்ற நூலகங்கள் இப்படிப்பட்டவர்களுக்குக் கேட்கக்கூடிய வடிவில் நூல்களை உருவாக்கித் தரலாம். நாடு விட்டு நாடும் பகிரலாம். சேரும்போது மருத்துவச் சான்று கேட்பது வழக்கம். விண்ணப்பத்தில் ‘பார்வைக் குறைபாடு’ என்று மட்டும் கட்டம் இருந்தால் அதை நிரப்பாமல் விட்டு, ‘அச்சு நூலைக் கையாள இயலாதவர்’ என்று எழுதிச் சான்றை இணையுங்கள்.

போனை இயக்கவும் கை தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ‘வாய்ஸ் அக்ஸஸ்’, ஐபோனில் ‘வாய்ஸ் கண்ட்ரோல்’ இரண்டும் திரையில் உள்ள பட்டன்களுக்கு எண் போட்டுக் காட்டும். எண்ணைச் சொன்னால் அழுத்தும். ஒரே சிக்கல், ஸ்பீக்கரில் புத்தகம் ஓடும்போது வாசிப்பவரின் குரலைக் கட்டளை என்று போன் நினைத்துக்கொள்ளும். இயர்போனில் கேட்டால் அந்தத் தொல்லை இருக்காது.